யன்னலை மூடினால் போதுமா?

நுரைச்சோலைத் தூசைப் பற்றிப் பேசும் புத்தளக் கரையோரம், தன் குசினிப் புகையையும் படுக்கையறைக் காற்றையும் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது.

ஜூலை மாதத்து மாலை. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் கச்சான் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நுரைச்சோலை, நரக்கல்லி, இலந்தையடிப் பக்கத்து வீடுகளில் கடலைப் பார்த்த யன்னல்களைக் காலையிலேயே சாத்திவிட்டார்கள். யன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிறது. மணலா, கரித்தூளா, சாம்பலா என்று கண்ணால் பிரிக்க முடியாத கறுத்த பொடி. குசினியில் காய்ந்த பாளையும் சிரட்டையும் வைத்து அடுப்பு மூட்டியாயிற்று. புகைக்கு வெளியே போக வழியில்லை. கதவு நிலைக்கு மேலால் ஊர்ந்து நடு அறைக்குள் வந்து கூரைக்கடியில் தங்குகிறது. மஃரிப் ஆனதும் கட்டிலுக்கடியில் தகரத் தட்டில் நுளம்புச் சுருள். வெள்ளி இரவென்றால் அதற்கு மேல் சாம்பிராணி. ஒன்பது மணிக்குப் பிள்ளை இருமத் தொடங்குகிறது. நள்ளிரவில் நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது. வீட்டில் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பவர் ஸ்டேஷன் தூசு.

அந்தக் காரணம் பொய் இல்லை. ஆனால் கணக்கு அதோடு முடிவதும் இல்லை. தும்மலும் மூக்கடைப்பும் தொய்வும் உள்ள ஒரு குடும்பம் இரவு முழுவதும் சுவாசிப்பது வெளிக்காற்றை அல்ல, மூடிய அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும் காற்றை. அதில் வெளியிலிருந்து வந்த தூசு ஒரு பங்கு. வீட்டுக்குள்ளேயே எரிந்த விறகு, சுருள், சாம்பிராணி, படுக்கையில் வளரும் உண்ணி ஆகியவை மறு பங்கு. முதற்பங்கைக் குறைக்க மின்சார சபையோடும் அரசோடும் போராட வேண்டும், அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாம் பங்கில் பெரும்பகுதியை இந்தக் கிழமையே குறைக்கலாம். எதை முதலில் குறைப்பது என்ற வரிசைதான் கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு மிக முக்கியமானது. அந்த வரிசையைக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி விளம்பரங்கள் தலைகீழாகச் சொல்கின்றன.

தூசுக்குப் பெயர் உண்டு, புகைக்கு இல்லை

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுரைச்சோலை லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதற்கட்டம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மற்ற இரண்டு பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. கச்சான் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் கரி இறக்க முடியாது. முன்கூட்டியே இறக்கிக் கரையில் குவித்து வைக்கிறார்கள். ஆக, குவியல் இருக்கும் காலமும் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று பலமாக வீசும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தூசும் சாம்பலும் கிராமங்களுக்குள் வருகின்றன என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாக உண்டு. சுற்றாடல் நீதிக்கான மையம் அதை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. இதற்கு முன்பிருந்தே பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தபின் கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பிடித்தது. அதை எதிர்த்துப் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றார்கள். காற்றைப் பற்றிய கோபம் இந்த மாவட்டத்துக்கு நியாயமாகவே வந்தது.

ஆனால் இந்தக் கோபம் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கப் பழகிவிட்டது. அனல் மின்நிலையத்துக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, எதிர்த்துப் பதாகை பிடிக்கலாம். குசினிப் புகைக்கு அப்படி எதுவும் கிடையாது. அது உம்மாவின் சமையல், அம்மம்மாவின் கைப்பக்குவம், வீட்டின் அன்றாடம். அதைக் குறை சொல்வது தாயைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தார்கள். அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இலங்கையில் 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்போது நான்கில் மூன்று வீட்டுக்கும் அதிகமானவை விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. தென்னை முக்கோணத்தின் வடமுனையான புத்தளத்தில் மட்டை, பாளை, சிரட்டை, பன்னாடை எல்லாம் வளவுக்குள்ளேயே விழுகின்றன. விலையில்லாத எரிபொருளை விட்டுவிடு என்று யாரிடமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

வீடு மாறியது, அடுப்பு மாறவில்லை

இங்கே முதல் ஆட்சேபம் எழும். நம் பாட்டிமார் காலமெல்லாம் விறகில்தானே சமைத்தார்கள், அப்போது இந்த அலர்ஜியெல்லாம் எங்கே இருந்தது? கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. தொய்வு அப்போதும் இருந்தது. ஈளை, முட்டு, இழுப்பு என்று அதற்கு இத்தனை பெயர்கள் இருப்பதே சாட்சி. மாறியது வீடு. பழைய கரையோர வீட்டில் குசினி தனியாக, பின்வளவில், கிடுகுச் சுவரோடு நின்றது. கிடுகின் இடுக்குகள் வழியே புகை எல்லாப் பக்கமும் கசிந்து போனது. அந்தப் புகைக்கு வேலையும் இருந்தது: கூரை ஓலையைப் பூச்சி அரிக்காமல் காத்தது, பரணில் வைத்த தேங்காயையும் மாசியையும் உலர வைத்தது. இன்று குசினி வீட்டோடு ஒட்டிய சீமெந்து அறை. கூரை ஓடு அல்லது அஸ்பெஸ்டஸ் சீற். காக்க ஓலையும் இல்லை, கசிய இடுக்கும் இல்லை. நெருப்பு மட்டும் பழையபடி மூன்று கல்லுக்கு நடுவில் எரிகிறது.

புத்தளத்தில் இந்த மாற்றம் மற்ற ஊர்களை விட வேகமாக நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி இந்தக் கரையில் வந்து இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தது. 2007இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டமும், அதற்குப் பின் வந்த பல உதவிகளும் அந்தக் குடிசைகளின் இடத்தில் கல்வீடுகளை எழுப்பின. மழையில் நனையாமல், தீக்குப் பயப்படாமல் தூங்கக் கிடைத்தது பெரும் விடுதலை; அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் சிறிய காணி, சிறிய அறைகள், ஒட்டிய குசினி என்ற அமைப்புக்குள் விறகடுப்பை வைத்தபோது, அந்தப் புகை எங்கே போகும் என்ற கேள்வியை வரைபடம் போட்டவர்கள் போதுமான அளவு கேட்கவில்லை. பல குடும்பங்கள் தாமாகவே பின்பக்கம் பத்தி இறக்கி, தகரமும் கிடுகும் வைத்துப் புறக்குசினி கட்டிக்கொண்டன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை ஒழுங்கீனம் என்பார்கள். சுவாசத்தின் கணக்கில் அதுவே அந்த வீட்டின் மிகச் சரியான திருத்தம்.

[பெட்டி] சிலிண்டரும் சிரட்டையும்

2021 ஒக்டோபர் தொடக்கம் வரை 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா. இடையில் காஸ் வெடிப்புச் சம்பவங்கள், பிறகு தட்டுப்பாடு, நாள்கணக்கில் வரிசை. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் 340 ரூபாவானது. இயந்திரப் படகுக்கு அதையே நம்பியிருந்த மீனவக் குடும்பத்துக்கு அது இரட்டை அடி. காஸுக்கு மாறியிருந்த வீடுகள் மீண்டும் விறகுக்குப் போயின. விலை பின்னர் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. புறக்குசினியை இடித்துவிட்டு உள்ளே காஸ் அடுப்பு வைத்திருந்தவர்கள், அந்த உள்ளறையிலேயே விறகு எரிக்கும் நிலை வந்தது.

ஓர் இரவின் விலை

இதன் விளைவை வைத்தியசாலைப் பதிவேட்டில் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். பிள்ளைக்கு இழுப்பு வரும் இரவில் ஓட்டோ பிடித்துக் கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ ஆதார வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். நெபுலைசர் வைத்து அனுப்பிவிடுவார்கள். மருந்து இலவசம், ஓட்டோவுக்குக் காசு வேண்டும். அடுத்த நாள் தகப்பன் கடலுக்குப் போவதில்லை. அல்லது தூங்காத கண்ணோடு போகிறான். பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லை. தாய் அதே புகைக்குள் மீண்டும் அடுப்பு மூட்டுகிறாள். இழுப்பு இல்லாத, வெறும் மூக்கடைப்பு மட்டும் உள்ள பிள்ளையின் நிலை இன்னும் கவனிக்கப்படாதது. இரவு முழுவதும் வாயால் மூச்சு விட்டு அரைத்தூக்கம் தூங்கிய பிள்ளை, காலையில் வகுப்பில் கண் சொருகுகிறது. அதை ஆசிரியர் சோம்பல் என்கிறார், வீட்டில் படிப்பில் அக்கறையில்லை என்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் தேவைப்படுவது மூக்குக்கு ஒரு மருந்தும் புகையில்லாத ஓர் அறையும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் வலிக்கும்.

பெண்களுக்கு விளைவு வேறு வடிவில் வருகிறது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்கள் ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள். நீண்டகாலச் சுவாச அடைப்பு நோய்க்குப் புகைபிடித்தல் மட்டுமே காரணம் என்ற எண்ணம் தவறு; விறகுப் புகையும் அதற்குக் காரணம் என்பது மருத்துவத்தில் நன்கு நிலைபெற்ற உண்மை. இதோடு சமூகச் சுமை ஒன்றும் உண்டு. பம்ப் எடுத்தால் பழகிப்போகும் என்ற நம்பிக்கையில் இன்ஹேலரை ஒளிக்கிறார்கள். பெண்பிள்ளைக்குத் தொய்வு என்று வெளியில் தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயந்து வைத்தியரிடமே காட்டாமல் விடுகிறார்கள். ஆகையால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வீட்டுக் காற்றைத் திருத்துவது மருந்துக்கு மாற்று ஆகாது. நாள்தோறும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, வீடு சுத்தமாகிவிட்டது என்பதற்காக வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அது பழகிப்போகும் மருந்தும் அல்ல; மாத்திரையாக விழுங்குவதை விட மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்பும் வழி.

[பெட்டி] ஒரு சுருள், எத்தனை சிகரெட்?

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட நுளம்புச் சுருள்களை எரித்து அளந்தது. ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள், வகையைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். போமல்டிஹைட் வாயு, 51 சிகரெட் அளவு வரை. டெங்கு உள்ள ஊரில் நுளம்பை விட்டுவிடச் சொல்ல முடியாது. ஆனால் நுளம்புவலை புகைவதில்லை. சுருளை வைத்தே ஆக வேண்டுமென்றால் விறாந்தையில், ஆட்கள் வெளியே உட்காரும் நேரத்தில். மூடிய படுக்கையறையில் கட்டிலுக்கடியில் வேண்டாம்.

மெத்தைக்குள் வாழ்பவை

புகை அலர்ஜியை உண்டாக்குவதை விட, ஏற்கெனவே உள்ள அலர்ஜியைக் கிளறிவிடுவதே அதிகம். அலர்ஜியைத் தூண்டும் உண்மையான பொருள் பல வீடுகளில் படுக்கைக்குள் இருக்கிறது. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், வீட்டுத் தூசு அலர்ஜியின் மூலம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு உண்ணி என்று கண்டறிந்தார்கள். அது நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்டநாள் நின்றால் அதனால் பிழைக்க முடியாது. கடலும் களப்பும் இருபுறம் சூழ்ந்த கற்பிட்டியில் அப்படி ஒரு நாளைக் காண்பது கடினம். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் ஈரம் நீக்கும் இயந்திரம் இங்கே நின்று வெல்லாது.

இங்கே வெல்லக்கூடியது வெயில். சிட்னியில் 1994இல் நடந்த ஆய்வு, தரைவிரிப்பை நேரடி வெயிலில் போட்டபோது அதிலிருந்த உண்ணிகள் செத்ததைக் காட்டியது. உலர்வலயக் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செத்த உண்ணியின் எச்சமும் அலர்ஜியைத் தூண்டும். ஆதலால் காயவைத்ததை நன்றாக உதறவும் வேண்டும், உதறுவது அலர்ஜி உள்ள ஆளாக இருக்கவும் கூடாது. தலையணை உறையையும் விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில், 55 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கழுவுப்படும். இந்த இடத்தில் பழைய பன்பாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதைக் கழுவலாம், ஒரு மணி நேரத்தில் காயவைக்கலாம், உள்ளே உண்ணி குடியிருக்கத் தடிப்பு இல்லை. வசதி வந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தும்பு மெத்தைக்கும் ஸ்பொஞ்ச் மெத்தைக்கும் மாறினோம். தொய்வு உள்ள பிள்ளைக்குப் பாயும் மெல்லிய துணி விரிப்பும் பின்னடைவு இல்லை. மெத்தை வேண்டுமென்றால், அதையும் தலையணையையும் நெருக்கமாக நெய்த, சிப் வைத்த உறையால் முழுதாக மூடிவிடுவது அடுத்த வழி.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சங்கதி: சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள். இறாலின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்துக்கு மிக நெருங்கிய உறவுப் புரதம் தூசு உண்ணியிலும் கரப்பானிலும் இருக்கிறது. அதனால் இறால் தின்றால் உதடு தடிக்கும் ஒருவருக்குத் தூசு உண்ணியும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இறால், நண்டு அவிக்கும்போது எழும் ஆவியை மூச்சில் இழுத்தே இழுப்பு வருபவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் இறாலை உள்ளே வேகவைக்காமல் வெளி அடுப்பில் வேகவைப்பது சிறிய மாற்றம்.

ஆய்வுகள் கைகொடுக்கின்றனவா?

நேர்மையாகப் பேச வேண்டுமானால், இந்த யோசனைகளுக்கு எதிராக நிற்கும் ஆய்வுகளையும் எடுத்து வைக்க வேண்டும். முதலாவது நமக்கு மிக அருகில் நடந்தது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவண்டா நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஹப்பின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் காஸும் 18 மாதம் இலவசம். மறுபாதி விறகிலேயே சமைத்தது. விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கனமீற்றருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். காஸ் வீட்டில் சுமார் 24. அவ்வளவு குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையிலோ முதல் ஆண்டில் வந்த கடும் நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2022இலும் 2024இலும் இந்த முடிவுகள் வெளியானபோது பலர் சோர்ந்துபோனார்கள்.

காஸ் பயனற்றது என்று இதற்கு அர்த்தம் கொள்வது அவசரம். அந்த இரண்டு முடிவுகளும் பிறப்பு எடையையும் பச்சிளம் குழந்தையின் நிமோனியாவையும் பற்றியவை; பாடசாலைப் பிள்ளையின் தொய்வையோ மூக்கடைப்பையோ பற்றியவை அல்ல. அதைவிடப் பெரிய பாடம் அந்த 24 என்ற எண்ணுக்குள் இருக்கிறது. உள்ளே விறகே எரியாத வீட்டிலும் காற்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவைத் தாண்டியே நிற்கிறது. பக்கத்து வீட்டு அடுப்பும், தெருவில் எரியும் குப்பையும் வேலியில் நின்றுவிடுவதில்லை. ஒரு வீடு மட்டும் மாறினால் கிடைப்பது பாதிப் பலன். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து மாறினால்தான் முழுப் பலன். புத்தளத்தில் இதற்குப் பொருள் மிகத் தெளிவு. மாலையில் வளவைக் கூட்டிச் சருகோடு ஷொப்பிங் பேக்கையும் சேர்த்துக் கொளுத்தும் வழக்கத்தை ஒரு தெருவே சேர்ந்து விட வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் தூசு உண்ணியைப் பற்றியது. 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 54 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, உண்ணியை ஒழிக்கும் முயற்சிகளால் தொய்வுக்குப் பயன் தெரியவில்லை என்று எழுதினார்கள். அந்தச் சோதனைகளில் பல ஒரே ஒரு காரியத்தைச் செய்து பார்த்தவை: உறை மட்டும், அல்லது மருந்துத் தெளிப்பு மட்டும். இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் சோதித்து, அதற்கேற்பப் படுக்கை, கரப்பான், புகை என்று பலவற்றை ஒரே நேரத்தில் திருத்தியது. இருமலும் இழுப்பும் உள்ள நாள்கள் தெளிவாகக் குறைந்தன. 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், உண்ணி அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு நல்ல படுக்கை உறை கொடுத்தபோது, கடும் இழுப்போடு வைத்தியசாலைக்கு ஓடியவர்கள் ஓராண்டில் நூற்றுக்கு 29. வெறும் உறை கொடுத்த பக்கத்தில் நூற்றுக்கு 42. ஒவ்வாமை எதற்கு என்று தெரிந்துகொண்டு, பலவற்றை ஒன்றாகச் செய்தால் பலன் உண்டு. தெரியாமல் ஒன்றை மட்டும் செய்தால் காசு போகும்.

கருவி கடைசியில்

காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வேண்டாம் என்பதல்ல. ஹெப்பா வடிகட்டி உள்ள நல்ல கருவி, மூடிய அறைக்குள் நுண்துகளை உண்மையாகவே பிடிக்கும். ஆனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி உள்ள, காற்றுக்கல் பதித்த கரையோர வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய தூசு வந்துகொண்டிருக்கும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூடிய நாட்டில், இரவு பகலாக ஒரு கருவியை ஓட்டுவது எத்தனை குடும்பத்தால் முடியும்? வடிகட்டி மாற்றும் செலவு தனி. ஓசோன் வெளியிட்டுக் காற்றைச் சுத்தமாக்குவதாகச் சொல்லும் கருவிகளை வாங்கவே கூடாது. ஓசோன் தொய்வு உள்ள நுரையீரலைப் புண்படுத்தும். அந்தக் காசில் ஒரு புகைபோக்கி, இரண்டு நுளம்புவலை, படுக்கை உறைகள் எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

மின் அடுப்புக்கு மாறலாமே என்பார்கள். அந்த மின்சாரத்தில் கணிசமான பங்கு நுரைச்சோலையிலிருந்தே வருகிறது என்பதை மறக்க முடியாது. ஆனாலும் புகை குசினியில் தாயின் முகத்துக்கு நேரே எழுவதை விட, வடிகட்டப்பட்டு 150 மீற்றர் உயரப் புகைபோக்கியால் போவது மேல். அந்த வடிகட்டல் சரியாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமையும் அப்போது கூடுகிறது. இதே கச்சான் காற்றுதான் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. வேறு வழி இந்தக் கரையிலேயே இருக்கிறது.

விறகை விட முடியாத வீட்டுக்கும் வழி உண்டு. 1980களின் பிற்பகுதியில் இலங்கையில் உருவான அனகி அடுப்பு, குயவர் கையால் செய்யும் இரட்டை வாய் மண்ணடுப்பு. மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகப் பிடிக்கும். புகையை அது முற்றாக நீக்காது. மேலே கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி வேண்டும். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர மட்டைதான் கண்ணைக் கரிக்கும் புகையின் ஊற்று. சமையல் நேரத்தில் சிறுபிள்ளை இடுப்பிலோ மடியிலோ இருக்கக் கூடாது. தூசைத் தும்புத்தடியால் கூட்டினால் கீழே கிடந்தது மூக்குக்கு வரும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது.

[பெட்டி] அக்கினி மூலையும் இரண்டு காற்றும்

இந்தக் கரையில் ஆண்டின் பலமான காற்றுகள் இரண்டு: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து, டிசம்பரை ஒட்டி வடகிழக்கிலிருந்து. குசினி தென்மேற்கு மூலையில் இருந்தால் கச்சான் அதன் புகையை வீடு முழுவதும் இழுத்துச் செல்லும். வடகிழக்கில் இருந்தால் வாடை அதே வேலையைச் செய்யும். தென்கிழக்கு அல்லது வடமேற்கு மூலையில் இருந்தால் இரண்டு காற்றும் புகையை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். மனையடி சாஸ்திரம் குசினிக்குச் சொல்லும் அக்கினி மூலையும் தென்கிழக்குத்தான். சாஸ்திரம் அதை எதற்குச் சொன்னதோ, இந்தக் கரையின் காற்றோட்டத்துக்கு அது பொருந்துகிறது. மின்நிலையத்தின் கிழக்கே உள்ள வீடுகள் கச்சான் காலத்தில் மேற்கு யன்னலைச் சாத்தி, காற்றின் மறைவில் உள்ள கிழக்கு யன்னலைத் திறந்து வைப்பதே சரி. எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே விறகு எரிப்பது மிக மோசமான சேர்க்கை.

சாம்பிராணியும் சாட்டும்

சாம்பிராணியைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ வேண்டும். பள்ளிவாசலிலும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திலும் அது பக்தியின் வாசனை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டுவது தலைமுறைப் பாசம். ஆனால் சில நாள் வயதான நுரையீரலுக்கு எந்தப் புகையும் புகைதான். தலையைத் துணியால் துவட்டி, காற்றுப்படும் இடத்தில் வைத்தாலே ஈரம் உலரும். வீட்டில் தொய்வு உள்ளவர் இருந்தால் சாம்பிராணித் தட்டை முற்றத்தில், கதவுக்கு வெளியே வைப்பதால் பக்தி குறையாது.

இறுதியாக, மிகக் கனமான ஆட்சேபம். வீட்டுக் காற்றைப் பற்றி இவ்வளவு பேசினால், மின்நிலையத்தின் பொறுப்பு கரைந்துபோகாதா? குற்றத்தை விறகடுப்புப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு அதிகாரிகள் நழுவிவிட மாட்டார்களா? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். பிள்ளைகளின் சுவாச நோய்க்கு யார் காரணம் என்ற வழக்கில், உள்ளே எரியும் விறகும் சுருளும் எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் எளிய சாட்டு. உள்ளே புகையை நிறுத்திய நூறு வீடுகள் ஒரு கிராமத்தில் இருந்து, அங்கேயும் கச்சான் காலத்தில் பிள்ளைகள் இழுத்தால், அந்தச் சாட்டுக்கு இடமே இல்லை. வீட்டைத் திருத்துவது பிள்ளைக்கு மூச்சைத் தருவதோடு, ஊரின் முறைப்பாட்டுக்கு வலுவையும் தருகிறது.

அரசு செய்ய வேண்டியவை சிறியவையும் அல்ல, நடக்காதவையும் அல்ல. வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்கும்போது கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரம் பார்க்கப்படுகிறது. குசினிப் புகை எந்தப் பக்கம் போகும் என்பதும் அதே மேசையில் பார்க்கப்படட்டும். வீடமைப்பு உதவித் தொகையில் புகைபோக்கிக்கு ஒரு பங்கு எழுதப்படட்டும். கர்ப்பிணிகளையும் சிறுபிள்ளைகளையும் பார்க்க வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவில், அடுப்பு எங்கே, சுருள் எங்கே என்ற இரண்டு கேள்விகள் சேரட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அளவு வேண்டும். இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தரநிலைப்படி வெளிக்காற்றில் 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள் 24 மணிநேரச் சராசரியாகக் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டி அளவு 15தான். மே முதல் செப்டம்பர் வரை நுரைச்சோலை, நரக்கல்லி, மாம்புரி, ஆலங்குடா, ஏத்தாளைப் பாடசாலைகளில் மத்திய சுற்றாடல் அதிகார சபை கருவி வைத்து, வகுப்பறைக்கு உள்ளும் வெளியும் அளந்து, அன்றன்றைய எண்ணைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் எழுத வேண்டும். எண் 50ஐத் தாண்டிய நாளில் கரிக் குவியலின் மேல் என்ன செய்யப்பட்டது என்பதையும் அதற்குக் கீழே எழுத வேண்டும்.